சிஸ்பிளாட்டின் ஏறும் வாரத்தில் எண்ணெய், மீன், வலி மாத்திரை: பர்மாத் தமிழ் வீடுகளுக்கு

வாய்ப் புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ கீமோ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றே வீட்டில் கேள்விகள் கிளம்பிவிடும். குழம்பில் எண்ணெய் ஊற்றலாமா? மீன் கொடுக்கலாமா? உடம்பு தேற மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா? வலிக்கு முக்குக் கடையில் கட்டித் தரும் பொட்டலம் போதுமா? நாலு கேள்வியும் ஒரே விஷயத்தைத் தொட்டு நிற்கின்றன. கொழுப்பு உடம்பில் எரிபொருளாக எரிவதோடு நிற்பதில்லை. அதன் துணுக்குகள் செல்லுக்குச் செல் சேதி சொல்கின்றன. மருந்து பட்ட புற்றுச்செல் சாவதா பிழைப்பதா என்பதில் அந்தச் சேதிகளுக்குப் பங்கு உண்டு.

ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்து வீடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மருந்து சிஸ்பிளாட்டின் என்று எடுத்துக்கொள்கிறோம். கதிர் சிகிச்சையோடு சேர்த்துத் தரும்போது, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 40 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை தருவது வழக்கம். உங்கள் சீட்டில் வேறு மருந்து இருந்தால் சிறுநீரகம் பற்றிய பகுதி அப்படியே பொருந்தாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து பட்டதும் செல்லுக்குள் நடப்பது

சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினம் செல்லின் டிஎன்ஏவில் ஒட்டி இழைகளைப் பிணைத்துவிடுகிறது. அந்தச் சேதம் மட்டுமே செல்லைக் கொன்றுவிடாது. பழுது பார்த்துக்கொண்டு வாழலாமா, சாகலாமா என்று செல் ஒரு பக்கம் சாய வேண்டும். அந்தச் சாய்வைத் தீர்மானிப்பவற்றில் கொழுப்பு மூலக்கூறுகளும் உண்டு.

செல்லின் மேலுறையில் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பு இருக்கிறது. மருந்தின் தாக்குதலில் ஒரு நொதி கிளம்பி அதை வெட்டிச் செரமைடு ஆக்குகிறது. செரமைடு சேரச் சேர, செல் சாகும் பக்கம் சாயும். கட்டிச் செல்கள் பலவற்றில் இதற்கு எதிர்வேலை நடக்கிறது. ஒரு நொதி செரமைடை உடைக்கிறது, இன்னொன்று உடைந்த துண்டில் பாஸ்பேட் ஒட்டி ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் ஆக்குகிறது. இது "பிழைத்துக்கொள்" என்று சொல்லும் சேதி. தலை-கழுத்துக் கட்டிகளில் (வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் இதில் அடங்கும்) 18 கார்பன் நீளமுள்ள செரமைடு பக்கத்து நல்ல திசுவைவிடக் குறைவாக இருப்பதை அமெரிக்காவின் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். செரமைடை உடைக்கும் நொதியை ஆய்வுக்கூடத்தில் அடக்கினால், சிஸ்பிளாட்டினுக்கு அசையாத செல்கள்கூட அசைகின்றன. இதற்கென்று தலை-கழுத்துப் புற்றுக்கு அனுமதி பெற்ற மாத்திரை இல்லை. ஆகவே யாராவது "செரமைடு" என்று அச்சடித்த டப்பாவைக் காட்டினால் அது பெரும்பாலும் முகத்தில் பூசும் கிரீமாக இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டார் கைக்கு எட்டும் பாதை இன்னொன்று. செல் உறையில் இருக்கும் அராக்கிடோனிக் அமிலத்தைக் காக்ஸ்-2 என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் ஈ2 ஆக்குகிறது. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் இதன் கை இருக்கிறது. தலை-கழுத்துக் கட்டிகளில் காக்ஸ்-2 பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சாகும் புற்றுச்செல்லே இந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் கக்கி, பக்கத்தில் தப்பிய செல்களை வேகமாகப் பெருகச் சொல்வதும் கதிர் சிகிச்சை, கீமோ இரண்டு ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் அதை அடக்கும் வலி மாத்திரை நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் பல வீடுகளில் வம்பு தொடங்குகிறது. அதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சின்னக் குழாயை விரித்து வைத்திருக்கிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் அதை நம்பித்தான் ஓடுகிறது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகக் குழல்களை நேராகத் தாக்கும் மருந்து. வாந்தியில் தண்ணீர் போய், மருந்து குழலைக் கெடுத்து, வலி மாத்திரை ரத்தக் குழாயையும் சுருக்கினால், இரண்டே நாளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். அடுத்த சுற்று தள்ளிப்போகும், அல்லது நின்றே போகும். கட்டிக்கு நல்லது செய்யப் போய், கட்டியை அடிக்கும் மருந்தையே இழப்பது என்றால் இதுதான்.

வலி மாத்திரை: பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்

பர்மாவில் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே நாலைந்து மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "உடம்பு வலி" என்றால் ஒரு பை, "தொண்டை வலி" என்றால் இன்னொரு பை. அதில் பெரும்பாலும் வீக்கம் அடக்கும் வலி மாத்திரை ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, பல நேரம் ஸ்டீராய்டு ஒன்று, ஒரு வைட்டமின், ஒரு வயிற்று மாத்திரை இருக்கும். அட்டை இல்லாததால் எது எது என்று டாக்டராலும் சொல்ல முடியாது.

கீமோ தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிப் பிரியுங்கள். அட்டையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நெப்ராக்சன், மெஃபெனாமிக் ஆசிட், இண்டோமெதாசின், பைராக்சிகாம், மெலாக்சிகாம், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவை வேண்டாம். பெயர் தெரியாத உதிரி மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். ஊசி போடும் இடத்திலும் "கீமோ நடக்கிறது, டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடுப்பில் போடும் வலி ஊசி பெரும்பாலும் அதுதான்.

இரண்டு விலக்கு உண்டு. இதயத்துக்காகத் தினம் 75 அல்லது 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா தொடர்வதா என்பதைத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து டாக்டர் சொல்வார். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கண்டதும் ஒதுக்கிவிடாதீர்கள். அது சீட்டில் வாந்திக்காக எழுதியதாக இருக்கலாம். அராக்கிடோனிக் அமிலம் உறையிலிருந்து கழன்று வருவதையே தடுக்கும் மருந்து அது, எழுதிய நாட்களுக்கு மட்டும். பசி எடுக்கிறதே என்று கடையில் வாங்கி நீட்டிக்கொண்டே போனால் சர்க்கரை ஏறும், வாயில் பூஞ்சை பிடிக்கும், காய்ச்சல் வெளியே தெரியாமல் போகும்.

சரி, வலிக்கு என்ன கொடுப்பது? முதலில் பாராசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. எடை 50 கிலோவுக்குக் கீழே இறங்கிய மெலிந்தவருக்கு ஒரு நாள் மொத்தம் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதைவிடவும் குறைவு, அளவை டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுக்கும் முன் தெர்மாமீட்டர் வையுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மூடி மறைத்துவிடும். கீமோ வாரங்களில் 38.3 டிகிரி செல்சியஸ் ஒருமுறை தொட்டாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குத்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணு இறங்கிய நேரத்தில் வரும் கிருமிக் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

பாராசிட்டமாலில் அடங்காத வலிக்கு டிராமடால், அதிலும் அடங்காவிட்டால் மார்ஃபின். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் "கடைசிக் கட்டம்" என்று வீட்டில் அழுகை தொடங்குவதைப் பார்க்கிறோம். விழுங்கும்போது வலிப்பதால் சாப்பிடாமல் கிடப்பவரைச் சாப்பிட வைப்பதற்கும் அதையேதான் எழுதுகிறார்கள். மலச்சிக்கல் வரும், மலமிளக்கியைச் சேர்த்தே வாங்குங்கள்.

சிறுநீரகக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியேட்டினின் "நார்மல்" என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மெலிந்தவருக்கு அந்த எண் ஏமாற்றும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை இப்படிக் கணக்கிடலாம். 140-இல் வயதைக் கழியுங்கள். வந்ததை எடையால் பெருக்குங்கள். அதை, 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கிய தொகையால் வகுங்கள். பெண் என்றால் முடிவை 0.85-ஆல் பெருக்குங்கள்.

60 வயது ஆண், 48 கிலோ, கிரியேட்டினின் 1.2 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 48-ஆல் பெருக்க 3840. 72-ஐ 1.2-ஆல் பெருக்க 86.4. வகுத்தால் நிமிடத்துக்கு 44 மில்லிலிட்டர். 1.2 என்பது பல ஆய்வுக்கூடச் சீட்டில் சரியான அளவுக்குள்தான் இருக்கும், ஆனால் 50-க்குக் கீழே வந்தால் முழு அளவு சிஸ்பிளாட்டின் கொடுக்கப் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குவார்கள். இந்த எண்ணை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு நோட்டில் எழுதி வாருங்கள். சட்டென்று இறங்கியிருந்தால், நடுவில் என்ன மாத்திரை உள்ளே போனது என்று யோசியுங்கள்.

மருந்து ஏற்றும் அன்று மருத்துவமனையில் சலைன் டிரிப்ஸ் சுமார் 2 லிட்டர், அதில் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்த்து ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நாளைக்குத் தினம் 2 முதல் 3 லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். இதய பலவீனம் உள்ளவருக்கு இந்த அளவு பொருந்தாது, அவருக்கு டாக்டர் சொன்னதுதான் கணக்கு. கஞ்சித் தண்ணீர், இளநீர், ஓஆர்எஸ், வெறும் தண்ணீர் எதுவானாலும் சரி. ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுச் சிறுநீரை அளந்து எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க அரை லிட்டர்கூட வராவிட்டாலோ, அரை நாளாகத் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியானாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிஸ்பிளாட்டினின் வாந்தி இரண்டு தவணையில் வரும். முதல் நாள் அடங்கியது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அடுத்தது பிடிக்கும். பிந்திய வாந்திக்கு எழுதிய மாத்திரையை முழுதும் முடியுங்கள். ஓலான்சபின் எழுதியிருந்தால் இரவில் கொடுங்கள், தூக்கம் தள்ளும்.

மீனும் மீன் எண்ணெயும்: மூன்று நாள் விலக்கு

நெதர்லாந்தில் எமில் ஃபூஸ்ட் குழுவினர் 2011-இல் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். பிளாட்டினம் மருந்து உடம்பில் ஏறியதும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒருவகைத் தாய்ச் செல்கள் இரண்டு கொழுப்பு அமிலங்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தில் துளியளவு இருந்தாலே கட்டி மருந்துக்கு அடங்குவதில்லை. அவற்றில் ஒன்று 16 கார்பனும் நான்கு இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஒமேகா-3 அமிலம். அதே அமிலம் கடையில் விற்கும் மீன் எண்ணெயிலும் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

2015-இல் அதே குழு ஆரோக்கியமான ஆட்களுக்கு மீன் எண்ணெயும் மீனும் கொடுத்து இரத்தத்தை அளந்தது. 10 மில்லிலிட்டர் எண்ணெய் குடித்ததும் அந்த அமிலம் ஏறி, எட்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கியது; 50 மில்லிலிட்டருக்கு இறங்க இன்னும் நேரம் பிடித்தது. ஹெர்ரிங்கும் கானாங்கெளுத்தியும் 100 கிராம் சாப்பிட்டாலே ஏறியது. சால்மனில் ஏற்றம் கொஞ்சம், சூரையில் இல்லை. புற்று நோயாளிகளிடம் நடத்திய நேரடிச் சோதனை அல்ல இது; எலியும் ஆரோக்கியமான ஆட்களும்தான். ஆனால் விலக்கி வைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லாததால், நெதர்லாந்துப் புற்றுநோய் அமைப்பினர் கீமோவுக்கு முந்தின நாள் முதல் மறுநாள் வரை மீன் எண்ணெய் வேண்டாம் என்றார்கள். நாமும் அதையே சொல்கிறோம்.

நம் சமையலறைக் கணக்கில் இப்படி வரும். முந்தின நாள், மருந்து ஏறும் நாள், மறுநாள்: மீன் எண்ணெய் மாத்திரை, காட் ஈரல் எண்ணெய், உல்லம், கானாங்கெளுத்தி, மத்தி, தக்காளிச் சாற்றில் வரும் டின் மீன் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உல்லம் ஹெர்ரிங் குடும்பத்து மீன். ஐராவதி உல்லத்தின் எண்ணெய் கையில் வழிவதைச் சமைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் விரால், ரோகு, கோழி, முட்டை இருக்கட்டும். மொஹிங்கா ஆசைப்பட்டால் கொடுக்கலாம், கெளுத்தியில்தான் (கானாங்கெளுத்தி வேறு) பெரும்பாலும் குழம்பு வைக்கிறார்கள். காரத்தைக் குறைத்து, சேமியாவைக் குழைய விடுங்கள். ஙாப்பி கரண்டி முனையளவு சேர்ப்பதால் இந்தக் கணக்கில் பெரிதாக வராது, ஆனால் கொதிக்க வைத்த ஙாப்பிதான். வெள்ளணு குறைந்த வாரத்தில் பச்சை ஙாப்பித் தொக்கும் பச்சைக் காய்கறித் தட்டும் வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து என்றால் 21 நாளில் மூன்று நாள்தான் விலக்கு. மீதி நாட்களில் உல்லம் தாராளமாகச் சாப்பிடலாம். மீன் எண்ணெய் சிலருக்கு எடை குறையாமல் காக்கிறது என்றும் ஆய்வுகள் உண்டு, அதனால் அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. வாராந்திர மருந்தில் இருப்பவருக்கு வாரத்தில் மூன்று நாள் போய்விடும். அவர் மீன் எண்ணெய் மாத்திரையை அந்த ஆறேழு வாரம் மறந்துவிடுவதே எளிது. இன்னொன்று: அந்த மூன்று நாளில் நோயாளி மீன் குழம்பைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்றால், கொடுத்துவிடுங்கள். பட்டினியின் கேடு உறுதியானது.

வைட்டமின் ஈ மாத்திரை விஷயம் சுருக்கமானது. புற்றுச்செல்லின் உறைக் கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டு உடைவதும் சிகிச்சை செல்லைக் கொல்லும் வழிகளில் ஒன்று. வைட்டமின் ஈ அந்தக் கெடுதலைத் தடுப்பதற்கென்றே இருக்கும் பொருள். கனடாவில் தலை-கழுத்துப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2005-இல் வந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிட்ட காலத்தில் இரண்டாவது புற்று கூடுதலாக வந்தது. பச்சை நிற ஜெலட்டின் மாத்திரையைச் சத்து என்று நினைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள். உணவில் வரும் வைட்டமின் ஈ பற்றிக் கவலை வேண்டாம். மஞ்சளும் அப்படித்தான்: குழம்பில் போடுவது போடட்டும், மஞ்சள் சத்து மாத்திரை வேண்டாம்.

எண்ணெய்: எதை மாற்றுவது, எவ்வளவு ஊற்றுவது

பார்சிலோனாவில் சால்வடோர் அஸ்னார் பெனிட்டா குழுவினர் 2017-இல் வாய்ப் புற்றுச் செல்களில் கொழுப்பைச் செல்லுக்குள் வாங்கும் சிடி36 என்ற புரதத்தைக் கண்டார்கள். அது நிறைந்த செல்களே எலிகளில் வேறிடம் பரவின. கொழுப்பு மிகுந்த தீனியும் பால்மிட்டிக் அமிலமும் பரவலைக் கூட்டின. 2021-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பால்மிட்டிக் அமிலம் பட்ட செல்கள் அந்தத் தீனியை நிறுத்திய பிறகும் அந்தக் குணத்தை விடவில்லை. ஒலீயிக், லினோலீயிக் அமிலங்களுக்கு அந்த விளைவு இல்லை. எலிகளில் பார்த்தது கீமோவுக்கு அடங்காமையை அல்ல, பரவுவதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பர்மாவில் அடுப்பில் ஊற்றும் எண்ணெயில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பாமாயில். அதில் நூற்றுக்குச் சுமார் 44 பங்கு பால்மிட்டிக் அமிலம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 10 பங்கு சுமார். எலி ஆய்வை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் மாற்றுவது சுலபம் என்பதால் நோயாளியின் பங்கை மட்டுமாவது கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சமைக்கச் சொல்கிறோம். உதிரியாக வீசைக் கணக்கில் வாங்கும் கடலை எண்ணெயில் பாமாயில் கலப்பது சகஜம். பிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது நம்பும்படியான சோதனை அல்ல, நல்ல கடலை எண்ணெயும் கடும் குளிரில் கட்டி தட்டும். கண்ணெதிரே ஆட்டித் தரும் செக்கில் வாங்குங்கள், அல்லது சீல் உடையாத பாட்டிலில். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி ஊற்றுவதை நிறுத்துங்கள்.

அளவைக் குறைக்கச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. "கொழுப்புதான் புற்றை வளர்க்கிறதாமே" என்று எண்ணெயை அடியோடு நிறுத்தி, வெறும் கஞ்சியில் ஆளை எலும்பாக்கிவிடுவது மீனைவிடவும் பாமாயிலைவிடவும் பெரிய தப்பு. எடை இறங்க இறங்க மருந்தின் நச்சைத் தாங்கும் சக்தி இறங்கும், சுற்று தள்ளிப்போகும்.

50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 30 கலோரி வீதம் தினம் 1500 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வீதம் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் விராலில் 18 கிராம் சுமார். வாய் புண்ணாகி ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் மட்டுமே இறங்கும்போது இந்தக் கணக்கை எட்ட எண்ணெயைத்தான் நம்ப வேண்டும். நூறு கியாத்தா ஒரு வீசை என்ற கணக்கில், ஒரு கியாத்தா எண்ணெய் 16 கிராம் சொச்சம். அதில் ஏறக்குறைய 145 கலோரி. நாள் முழுதும் கொடுக்கும் கஞ்சியிலும் பருப்பிலும் பிரித்து மூன்று கியாத்தா கடலை எண்ணெய் கலந்தால் 435 கலோரி சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஒரே வேளையில் எல்லாவற்றையும் ஊற்றினால் வயிற்றுப்போக்கு பிடிக்கும்.

மூக்குக் குழாயில் உணவு போனால், அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து, அவித்த முட்டையும் எண்ணெயும் சேர்த்து மிக்சியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத தோலும் நாருமே குழாயை அடைக்கும். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் 30 மில்லிலிட்டர் வெந்நீர் ஆறவைத்துச் செலுத்துங்கள். தலையணையை உயர்த்தி, கொடுத்து முடித்த அரை மணி நேரத்துக்குப் படுக்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினால் அடுத்த சுற்று வரை காத்திராமல் சொல்லுங்கள்.

குன்யா

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வாய்ப் புற்று வந்த பிறகும் "ஒரே ஒரு மடிப்பு" என்று ஒளித்து மெல்லுகிறவர்கள் உண்டு. அவர்களைத் திட்டுவதால் பயன் இல்லை, அது அடிமைப் பழக்கம். ஆனால் காரணத்தைச் சொல்லலாம். பாக்குச் சாறு பட்ட வாய்ச் செல்கள் காக்ஸ்-2-ஐக் கூட்டிப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 சுரக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். "பெருகு" என்ற அதே சேதியைக் கீமோவுக்கு எதிராகத் தினமும் கையால் ஊட்டுவது போல அது. புகையிலையை எடுத்துவிட்டுப் பாக்கை மட்டும் தொடரலாம் என்பதும் சரியல்ல: புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்று தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்திவிட்டது.

முதல் ஒரு வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரும். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்னும்போது ஐஸ் துண்டு கொடுங்கள். சோம்பும் ஏலக்காயும் வாய்ப் புண் இல்லாதபோது மட்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, தினம் நாலைந்து முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

ஊர் தூரம், டிரிப்ஸ் முடியாது என்றால்

அறுவைக்கும் கதிருக்கும் வழியில்லாமல், கட்டி திரும்பிவிட்ட நோயாளிக்கு மாத்திரையாகவே ஒரு சிகிச்சை உண்டு. அதில் காக்ஸ்-2-ஐ அடக்கும் மருந்து அளந்து சேர்க்கப்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 422 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள்: சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை, செலிகாக்சிப் 200 மில்லிகிராம் தினம் இருமுறை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 6.1 மாதம், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.5 மாதம். நச்சும் குறைவு. ரங்கூனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து படுக்க முடியாத குடும்பம், "மாத்திரைச் சிகிச்சை எங்களுக்குப் பொருந்துமா" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய விஷயம் இது. குணமாகும் வாய்ப்புள்ளவர் கதிரையும் சிஸ்பிளாட்டினையும் விட்டு இதற்கு மாறக் கூடாது. இதில் செலிகாக்சிப் இருக்கிறதே என்று சிஸ்பிளாட்டின் ஏறும் ஆளுக்கு வீட்டில் சேர்த்துக் கொடுப்பதும் கூடாது.

இந்தச் சிகிச்சையில் உயிர் போகும் தவறு ஒன்று நடப்பது உண்டு: வாரம் ஒருமுறை மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடுவது. மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் மாத்திரையாக வருவதால் ஒரே நாளில் எட்டோ ஒன்பதோ விழுங்க வேண்டியிருக்கும். அத்தனையா என்று பயந்து ஏழு நாளுக்குப் பிரித்துவிடுகிறவர்களும் உண்டு. கிழமையைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அந்த வாரத்து மாத்திரையை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதி அட்டையை வீட்டில் ஒருவர் பூட்டி வைக்கட்டும். வட்டமிட்ட நாளுக்கு முன்பு வாயில் புதுப் புண், காய்ச்சல், ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு எது வந்தாலும் அந்த வாரத்து மாத்திரையைக் கொடுக்காமல், அட்டையோடும் நோட்டோடும் மருத்துவமனைக்கு வாருங்கள்.